கறிவேப்பிலை மரத்திலிருந்து பதினாறு அடி

தம்பி, திங்கட்கிழமை நீ அந்தக் கோப்பைத் திறப்பதற்கு முன்னால் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும். அதனால்தான் தபாலில் போடாமல் அம்மாவிடம் கொடுத்து அனுப்புகிறேன். கூடவே ஒரு பால்மாவு டின்னும் வரும். அதன் மூடியைச் சுற்றி ஒட்டியிருக்கும் பிளாஸ்டரைக் கடிதத்தை முழுதாகப் படித்து முடிக்கும்வரை பிரிக்காதே. நேரில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். நேரில் பேசினால் இரண்டாவது வாக்கியத்திலேயே நான் வாதாடத் தொடங்கிவிடுவேன், உனக்கு என்னைத் தெரியும். முப்பது வருடம் அரசாங்க அலுவலகத்தில் கிராணியாகக் கோப்பும் கடிதமும் எழுதியவனுக்குக் காகிதத்தின் முன்னால் உட்கார்ந்தால்தான் நிதானம் வருகிறது. கார்பன் தாள் வைத்து எழுதுகிறேன். அந்தப் பழக்கமும் விடவில்லை. மேலே 'இரகசியம்' என்று நான் எழுதவில்லை என்பதைக் கவனி. யார் வேண்டுமானாலும் படிக்கட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை நீயும் மருமகளும் சாப்பிட வந்திருந்தீர்கள். சோற்றில் கை வைப்பதற்கு முன்னாலேயே நீ ஆரம்பித்துவிட்டாய். "அப்பா, ஆபீஸ்ல எனக்குக் குடுத்திருக்கிற முதல் ஃபைல் என்ன தெரியுமா? நம்ம பழைய புளோக் திடல். அங்க பாலர் பள்ளி கட்டப் போறாங்க." பையிலிருந்து வரைபடத்தின் நகலை எடுத்து ரசச் சட்டிக்குப் பக்கத்தில் விரித்தாய். பிறகு மருமகளிடம் திரும்பி, "எங்கப்பாதான் அந்தக் காலத்துலயே இந்த ஆபீசை எதிர்த்து எழுதினவங்க. நாலு லெட்டர். எல்லாம் அந்த ஃபைல்லதான் இருக்கும்லா. நாளைக்கு இல்ல, அடுத்த திங்கக்கிழமை ஃபைல் கைக்கு வருது. முதல் வேலையா அதைத்தான் படிக்கப் போறேன்" என்றாய். அவள் என்னை ஒரு சிலையைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். நான் குனிந்து வரைபடத்தைப் பார்த்தேன். திடலின் நடுவில் ஒரு மரத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருந்தது. என்ன வட்டம் என்று கேட்டேன். "அதை வெட்டணும்பா" என்றாய். அதற்குப் பிறகு நான் சரியாகச் சாப்பிடவில்லை. ரசத்தில் உப்பு அதிகம் என்று சொன்னேன். உப்பு சரியாகத்தான் இருந்தது. அம்மாவிடம் சொல்லிவிடு.

அந்தத் திடல் எனக்கு இன்னும் கனவில் வருகிறது. கனவில் அதற்கு ஓரம் கிடையாது. கால்வாயும் இல்லை, எதிரே வரிசையாக நிற்கும் அடுக்குமாடிப் புளோக்குகளும் இல்லை. புல் மட்டும் போய்க்கொண்டே இருக்கும். அந்தப் புல்லின் மேல் ஒரு வெளிச்சம் தரையிலிருந்து மேலே எழும். நீ அரைக்கால் சட்டையோடு நடந்து போய்க்கொண்டே இருப்பாய். நான் கூப்பிடுவேன், என் குரல் பஞ்சுக்குள் விழுந்ததுபோல் அங்கேயே நின்றுவிடும். எழுந்த பிறகு யோசித்துப் பார்த்தால் உண்மையான திடலும் அப்படித்தான் இருந்தது என்று தோன்றுகிறது. சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்தில், மாவு மில்லுக்கு மேலே ஒற்றை அறையில் இருந்துவிட்டு அந்த நாலாவது மாடிக்கு நாம் குடிவந்தபோது உனக்கு ஒன்பது வயது. முதல் நாள் காலையில் அம்மா சன்னலைத் திறந்து, "ஏங்க, இங்க வந்து பாருங்க, கீழ பூமியே காணோம்" என்றாள். கால்வாயிலிருந்து கிளம்பிய பனி திடல் முழுக்க நின்றது. மைனாக்கள் அதற்குள் இறங்கிக் காணாமல் போய் வேறொரு பக்கம் வெளிவந்தன. கறிவேப்பிலை மரத்தின் உச்சி மட்டும் கப்பல் கொடிமரம்போல் தெரிந்தது. சுற்றியிருந்த ஏழெட்டுப் புளோக்குக்கும் அந்த ஒரே மரம்தான். யார் வீட்டில் தாளிப்பு என்றாலும் ஒரு பிள்ளை படியிறங்கி ஓடி ஒரு கொத்து ஒடித்து வரும். மரத்தைச் சுற்றிப் பெண்கள் கீரை போட்டிருந்தார்கள். மழை பெய்து ஓய்ந்தால் புல்லுக்கிடையில் தேங்கிய நீரில் நீலமும் ஊதாவும் மெல்ல நகரும். வெயில் வந்து நீர் காய்ந்ததும் அந்த இடத்தில் வெள்ளையாக ஒரு வளையம் மிஞ்சும். அழகாக இருக்கிறது என்று நினைத்தேன். படித்தவன்தான், அப்படித்தான் நினைத்தேன்.

நீ அந்தப் புல்லுக்குள்ளிருந்து ஒரு கல்லைக் கண்டெடுத்தாய், நினைவிருக்கிறதா? சாம்பல் நிறம், கோழி முட்டையில் பாதி அளவு, அதன் உருவத்துக்குப் பொருந்தாத கனம். ஒரு பக்கத்தைச் சுவரில் தேய்த்தால் வெள்ளியாக மின்னியது. நிலாவிலிருந்து விழுந்த கல் என்று சொல்லித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கினாய். ஒரு நாள் மாலை அதை உள்ளங்கையில் வைத்து உருட்டியபடி என்னோடு படியேறிக்கொண்டிருந்தாய். மேலிருந்து இறங்கிவந்தார் ஆரோக்கியசாமி. மூன்றாவது மாடியில் இருந்தவர், தஞ்சோங் பகார் துறைமுகத்தில் சரக்கு இறக்குகிறவர், என்னைவிடப் பத்து வயது பெரியவர். நான் அவரை ஒரு நாளும் அண்ணன் என்று அழைத்ததில்லை. ஆரோக்கியம் என்று பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன். அவர் என்னைச் சார் என்பார். அதில் பிழை இருப்பதாக எங்கள் இருவருக்குமே அப்போது தோன்றவில்லை, குறைந்தது எனக்குத் தோன்றவில்லை.

"தம்பி, அதைக் கீழ போடு. போய்க் கையைக் கழுவு. சோப்பு போட்டுக் கழுவு" என்றார்.

"கல்லுதானே, ஆரோக்கியம்."

"கல்லா? ஈயம் சார் இது. துறைமுகத்துக்குப் போறதுக்கு முன்னாடி ஆறு வருசம் இதைத்தான் உருக்குனேன். இந்தத் திடல் என்னன்னு நினைச்சீங்க? பழைய பேட்டரிய உடைச்சு உருக்குற பட்டறை. மூடச் சொன்னப்ப, மிஞ்சுன கசடு, ஆசிட் சேறு எல்லாத்தையும் குழி தோண்டிக் கொட்டி மூடிட்டுப் போயிட்டாங்க. அதுக்கு மேல அதிகாரிங்க புல்லு போட்டுட்டாங்க. நமக்கு வீடு, கீழ பூங்கா."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அவர் மனைவி லூர்து அந்த மரத்தடியில்தான் கீரை போட்டிருந்தாள். வேண்டாம் என்று அவர் எத்தனையோ முறை சொல்லியும், "இவரு பயந்தா மழை பெய்யாதா? பச்சையாத்தானே முளைக்குது" என்று கேலி செய்துகொண்டு பறித்து எல்லா வீட்டுக்கும் கொடுத்தாள். நம் வீட்டுக்கும்தான். அவர்களுடைய கடைசி மகள் ஃபிலோவுக்கு அப்போது நாலு வயது. லூர்து கீரை பறிக்கும்போதெல்லாம் அது மண்ணில் உட்கார்ந்து விளையாடும். அந்த வருடம் குழந்தைக்கு ஓயாத வயிற்றுவலி வந்தது. முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. பிறகு, கற்றுக்கொண்ட சொற்கள் ஒவ்வொன்றாக அதை விட்டுப் போயின. மரம், மைனா, மாமா என்று என்னைப் பார்த்துக் கத்திய பிள்ளை, ஒரு நாள் என்னைப் பார்த்து வாயைத் திறந்து வெகுநேரம் அப்படியே நின்றது. வீட்டில் ஈயம் கலந்த பெயிண்ட் உரிந்திருக்கிறதா என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்களாம். மண் என்றார் ஆரோக்கியம். அதை அவர்கள் அட்டையில் எழுதிக்கொள்ளவில்லை. மண்தான் காரணம் என்று என்னால் இன்றைக்கும் நிரூபிக்க முடியாது. இல்லை என்று அவர்களாலும் முடியாது, ஏனென்றால் யாரும் தோண்டிப் பார்க்கவில்லை.

அதனால் எழுதினேன். அந்த நாலு கடிதத்தைப் பற்றி நான் உனக்குச் சொன்னது பொய்யில்லை. ஆனால் எப்படி எழுதினேன் என்று சொல்லவில்லை. என் ஆங்கிலத்தின் மேல் எனக்கு ஒரு கர்வம் இருந்தது. அலுவலகத்தில் பழகிய நடையில், யாருக்கும் வலிக்காமல், 'அறியப்படுகிறது', 'கருதப்படுகிறது', 'பணிவுடன் சுட்டிக்காட்டப்படுகிறது' என்று எழுதினேன். யார் கொட்டினார்கள், யார் மூடினார்கள், எந்த அதிகாரி நிலம் சுத்தம் என்று கையெழுத்திட்டு வாங்கிக்கொண்டார் என்று ஒரு வரிகூடக் கேட்கவில்லை. நீ அப்படி எழுதாதே. பெயரைப் போட்டு எழுது, பெயரைக் கேட்டு எழுது. மனுவில் கையெழுத்து வாங்க வீடு வீடாகப் போனேன். "வீடு குடுத்தவங்க மேலயே கம்ப்ளெயின்டா?" என்று கதவைப் பாதி சாத்தியவர்கள் பன்னிரண்டு பேர். அவர்கள் பெயரையும் வீட்டு எண்ணையும் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன். இத்தனை வருடம் அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்குக்கூட நான் போகவில்லை.

நாலாவது கடிதத்துக்குப் பிறகு, சனிக்கிழமை காலையில் மண்ணைப் பரிசோதிக்க வருகிறோம் என்று பதில் வந்தது. வியாழக்கிழமை மூன்று லாரி செம்மண் வந்து திடலில் இறங்கியது. புல் சரியாக வளரவில்லையாம். கூலியாட்கள் அதை ஒரு சாண் உயரத்துக்குப் பரப்பிவிட்டுப் போனார்கள். சனிக்கிழமை அந்த அதிகாரி வந்தார். வெள்ளை முழுக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனா, பூச்செடிக்குப் பயன்படுத்தும் சின்னக் கரண்டி, கண்ணாடிச் சீசா. நீ என் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றாய். புது மண் காலை வெயிலில் குங்குமம் கொட்டியதுபோல் கிடந்தது. அவர் குனிந்து அதில் இரண்டு கரண்டி அள்ளிச் சீசாவில் போட்டார்.

ஆரோக்கியம் முன்னால் வந்தார். "ஐயா, இது முந்தாநேத்து லாரியில வந்த மண்ணு. அதுக்கு இன்னும் நம்ம ஊர்ப் பேரே தெரியாது. கீழ இருக்கிற மண்ணக் கேளுங்க, அது சொல்லும்" என்றார். கூட்டம் சிரித்தது. அதிகாரி என்னைப் பார்த்து, இவர் என்ன சொல்கிறார் என்று ஆங்கிலத்தில் கேட்டார். தம்பி, நான் அன்று என்ன சொன்னேன் தெரியுமா? முடிந்தால் இன்னும் சற்று ஆழமாகத் தோண்டும்படி அவர் வேண்டிக்கொள்கிறார் என்றேன். லாரியைப் பற்றிச் சொல்லவில்லை. முந்தாநாள் என்பதைச் சொல்லவில்லை. ஏதோ நாகரிகம் என்று நினைத்து அதை மழுக்கினேன். அடுத்த முறை பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு அவர் சீசாவை மூடினார். அடுத்த முறை வரவேயில்லை. மண் பாதுகாப்பானது என்று இரண்டு வாரத்தில் தாள் வந்தது.

அதிகாரியின் கார் போன பிறகு ஆரோக்கியம் ஒரு மண்வெட்டியும் அளவுநாடாவும் எடுத்துவந்தார். மரத்தின் அடியில் நாடாவின் முனையை நீதான் பிடித்துக்கொண்டாய். கால்வாய்ப் பக்கமாகப் பதினாறு அடி அளந்து அங்கே தோண்டினார். செம்மண் போய், கறுப்பு மண் போய், முழங்கால் ஆழத்துக்குக் கீழே மஞ்சளும் சாம்பலுமாகப் பிசுபிசுவென்று ஒன்று வந்தது. அதற்கு ஒரு புளிப்பு வாடை. என் கனவில் தரையிலிருந்து எழும் வெளிச்சத்துக்கு அந்த நிறம்தான். ஒரு பால்மாவு டின்னில் அதை நிரப்பி, உன் நிலாக்கல்லையும் வாங்கி உள்ளே போட்டு, மூடி, என்னிடம் நீட்டினார். "நீங்க படிச்சவங்க சார். இதை எங்க கொண்டுபோய்க் குடுக்கணுமோ அங்க குடுத்துருங்க. எனக்கு அந்த இடமெல்லாம் தெரியாது" என்றார். குழியை அவரே மூடினார். நான் டின்னை வாங்கிக்கொண்டேன். இப்போது அம்மா உன்னிடம் கொடுத்திருப்பது அதுதான். பதினாலு வருடம் என் அலமாரியின் மேல் இருந்தது.

ஏன் கொண்டுபோகவில்லை என்று சொல்கிறேன். அதற்கு அடுத்த திங்கட்கிழமை அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டுதான் வேலைக்குப் போனேன். மத்தியானம் தனியார் பரிசோதனைக்கூடம் ஒன்றில் கொடுப்பதாக எண்ணம். பத்து மணிக்குத் தலைமைக் கிராணி என்னை உள்ளே கூப்பிட்டார். வேறு இலாகாவுக்கு நான் எழுதிய கடிதங்களின் நகல்கள் அவர் மேசையில் இருந்தன. அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் ஒருவேளை நான் நிமிர்ந்து நின்றிருப்பேன். "நீயும் கவர்மென்ட், அவனும் கவர்மென்ட். வலது கை இடது கைக்கு லெட்டர் போடுதா? அடுத்த மாசம் உன் பேரு மேல போகுது. பையன் நல்லாப் படிக்கிறானாமே. ஒரே ஒரு வரி எழுதிக் குடு, அவங்க வந்து பார்த்தது திருப்தியா இருக்குன்னு. முடிஞ்சுது" என்றார். சொல்லிவிட்டு எனக்குத் தேநீர் வரவழைத்தார்.

ஒரு வரிதான் கேட்டார். அதை எழுதினேன். எழுதி முடித்த பிறகு அது மொட்டையாகத் தெரிந்தது. நாலு கடிதம் எழுதியவன் ஏன் திடீரென்று திருப்தியடைந்தான் என்று படிப்பவருக்குத் தோன்றும் அல்லவா? அதற்காக இன்னொரு வாக்கியம் சேர்த்தேன். 'எனது முந்தைய கடிதங்கள், அவ்விடத்தில் முன்னர் கூலி வேலை செய்த படிப்பறிவில்லாத ஒருவரின் பேச்சை நம்பி எழுதப்பட்டவை.' தம்பி, இந்த வாக்கியத்தை யாரும் என்னிடம் கேட்கவில்லை. யாரும் சொல்லித் தரவில்லை. கடிதம் ஒழுங்காக இருக்க வேண்டும் என்பதற்காக நானே சேர்த்தது. அந்தக் கோப்பில் என் பெயரில் இருக்கும் கடைசித் தாள் அதுதான். புதிய தாள் மேலே வரும்படித்தான் கோப்புப் போடுவார்கள். அதனால் திங்கட்கிழமை என் கடிதங்களில் நீ முதலில் பார்க்கப்போவதும் அதுதான். அதற்குக் கீழே, நான் எத்தனையோ பேருடைய மனுக்களின் ஓரத்தில் எழுதிய அதே மூன்று எழுத்தை யாராவது எழுதியிருப்பார்கள். கே.ஐ.வி. பார்வையில் வைத்திருக்கவும் என்று அர்த்தம். அப்படி எழுதப்பட்ட கோப்பு மறுபடி மேசைக்கு வந்து நான் பார்த்ததில்லை.

அந்தப் பதவி உயர்வும் எனக்கு வரவில்லை. வேறொருவனுக்குப் போனது. அந்தக் கோபத்தில்தான் நான் இப்படி ஆனேன் என்று அம்மா சொல்வாள். தலைமைக் கிராணி இறந்தபோது நான் போகவில்லை. வெள்ளைச் சட்டை அதிகாரியின் படம் ஒருமுறை பத்திரிகையில் வந்தது. அதைக் கத்தரித்து வைத்திருக்கிறேன், எதற்கு என்று தெரியவில்லை. கையெழுத்துப் போடாத பன்னிரண்டு பேர், பேச்சை நிறுத்திக்கொண்ட ஆரோக்கியம், எல்லாருடைய கணக்கும் என்னிடம் இருந்தது. உனக்குச் சோறு போடும்போதும், பரீட்சைக்கு எழுப்பும்போதும், அப்பா தனியாக நின்று எழுதினேன், யாரும் கூட வரவில்லை என்று அந்தக் கதையைச் சொன்னேன். நீ என்ஜினியரிங் எடுத்தபோது விண்ணப்பத்தில் ஏன் இந்தப் படிப்பு என்ற கேள்விக்குத் திடலைப் பற்றி எழுதியிருந்தாய். திருத்தித் தரும்படி என்னிடம் கொடுத்தாய். நான் ஒரு கால்புள்ளியை மட்டும் திருத்தினேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ போன பிறகு என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை. செவ்வாய்க்கிழமை விடுப்புப் போட்டுவிட்டு மார்சிலிங்குக்குப் போனேன். ஆரோக்கியம் குடும்பம் அங்கே மாறிப்போய்ப் பத்து வருடமாகிறது; முகவரியைத் தேவாலயத்தில் கேட்டு வாங்கினேன். பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது, சாலையோரப் பச்சையெல்லாம் கண்ணாடியில் கரைந்து வழிந்தது. எங்கோ ஓரிடத்தில் தூங்கிவிட்டேன் போலிருக்கிறது, மறுபடி அந்தத் திடல் வந்தது. விழித்தபோது கடைசி நிறுத்தம். கதவைத் திறந்தது ஃபிலோ. பதினெட்டு வயதுப் பெண், லூர்துவின் அதே முகம். என்னைப் பார்த்தாள். "அப்பா…" என்று தொடங்கி நிறுத்தி, அடுத்த சொல்லை எங்கோ தூரத்தில் தேடி எடுத்து வருவதுபோல் நின்று, "உள்ள" என்றாள். அந்தச் சொல் கிடைத்த சந்தோஷத்தில் சிரித்தாள்.

ஆரோக்கியம் மேசையில் குனிந்திருந்தார். மூக்குக் கண்ணாடி. எதிரே தடித்த தமிழ்ப் புத்தகம், விரலால் ஒரு வரியைத் தொட்டபடி உதடு அசைந்துகொண்டிருந்தது.

"வாங்க கிராணியாரே. வழி தெரிஞ்சுதா?"

"பஸ்ஸுல ஒரு மணி நேரம்."

"பதினாலு வருசத்துக்கு ஒரு மணி நேரம் பரவாயில்ல. உக்காருங்க."

நான் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "நீங்க… படிப்பீங்களா?"

"ஞாயித்துக்கிழமை தமிழ்ப் பூசையில நான்தானே வாசகம் படிக்கிறேன். முப்பது வருசமா. ஒரே மாடி மேல இருந்த உங்களுக்கு யாரும் சொல்லலியா?" கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இங்கிலீசுதான் தெரியாது. நீங்க கடைசியா எழுதுன லெட்டரச் சர்ச் சாமியார்தான் படிச்சுச் சொன்னாரு."

எந்தக் கடிதம் என்று கேட்டேன், தெரியாதவன்போல.

"டின்னு என்ன ஆச்சுன்னு உங்களக் கேக்கச் சங்கடமா இருந்துச்சு. நேரா அந்த ஆபீஸ் கவுண்டருக்கே போனேன். உங்க ஆளே எழுதிக் குடுத்துட்டாரு, இனிமே என்னன்னு சொல்லி ஒரு காப்பி குடுத்தாங்க. சாமியார் படிச்சுட்டு, நல்ல இங்கிலீசுன்னு சொன்னாரு."

ஃபிலோ எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். டம்ளரைத் தொடவே எனக்குத் தைரியம் வரவில்லை. "மன்னிச்சுக்குங்கண்ணே" என்றேன்.

"அடேயப்பா. இப்பத்தான் அண்ணன் ஆனேனா?" என்று அவர் சிரித்தார். ஃபிலோவும் சேர்ந்து சிரித்தாள், எதற்கென்று தெரியாமல். பிறகு அவர் சிரிப்பு நின்றது. "மன்னிப்பு கிடக்கட்டும். அதைக் கேட்டு நான் என்ன பண்ண? அந்தக் கருவப்பில மரம் நிக்குதா?"

உன் கோப்பைப் பற்றிச் சொன்னேன். பாலர் பள்ளி, சிவப்பு வட்டம், எல்லாம் சொன்னேன். அவர் எழுந்துவிட்டார். "நாலு வயசுப் பிள்ளைங்களையா கொண்டுவந்து உக்கார வைக்கப் போறாங்க?" என்று கேட்டு மகளைப் பார்த்தார். "மரத்த வெட்டிட்டா இடம் தெரியாமப் போயிரும். அதை வச்சுத்தான் எனக்கு அடையாளம். மரத்துலேருந்து கால்வாய்ப் பக்கமாப் பதினாறு அடி. என் காலால இல்ல, நாடா வச்சு அளந்தது. முனையத் தம்பிதான் பிடிச்சுது, அதுக்கு ஞாபகம் இருக்கும். நான் வந்து காட்டுறேன். ஆனா ஒண்ணு, கிராணியாரே. நான் பேசுறப்ப நீங்க நடுவுல நின்னு மொழிபெயர்க்கக் கூடாது. தம்பி என்னை நேரா, தமிழ்ல கேக்கட்டும்."

சரி என்றேன். அவர் என்னை வாசல்வரை கொண்டுவிட வரவில்லை. ஃபிலோதான் வந்தாள்.

இப்போது உன்னிடம் கேட்பதைக் கேட்கிறேன். இந்தக் கடிதத்தோடு இன்னொரு தாள் இருக்கிறது. அது உன் அலுவலகத்துக்கு. என் கடைசிக் கடிதம் பொய் என்றும், அதில் நான் படிப்பறிவில்லாதவர் என்று எழுதியவர் படிக்கத் தெரிந்தவர், அந்தப் பட்டறையில் ஆறு வருடம் வேலை செய்தவர், குழி இருக்கும் இடத்தை அளந்து வைத்திருப்பவர் என்றும் எழுதியிருக்கிறேன். நிலத்தைத் தோண்டிப் பார்க்காமலே வாங்கிக்கொண்டது யார், செம்மண்ணை வியாழக்கிழமை இறக்கச் சொன்னது யார் என்று நேராகக் கேட்டிருக்கிறேன். 'அறியப்படுகிறது' என்று ஒரு இடத்திலும் இல்லை. அதைக் கோப்பில் எல்லாவற்றுக்கும் மேலே வை. கீழே இருக்கும் என் பழைய தாளை எடுத்துவிடாதே. எடுக்கத் தோன்றும். நீ நல்ல பிள்ளை, அப்பாவின் பெயர் கெடக் கூடாது என்று நினைப்பாய். தாள்களுக்கு எண் போட்டிருப்பார்கள். ஒன்று காணாமல் போனால் எண் தாண்டும், அதைப் பிடித்துக்கொண்டு உன்னையும் மண்ணையும் சேர்த்து மூடிவிடுவார்கள். அது அங்கேயே இருக்கட்டும். கோப்பைத் திறப்பதற்கு முன்னால் உன் மேலதிகாரியிடம் போய், இதில் புகார் எழுதியவர் என் அப்பா என்று நீயே சொல்லிவிடு. அவர் கோப்பை வேறொருவரிடம் கொடுத்தாலும் கொடுக்கட்டும். இந்தத் தாளும் அந்த டின்னும் பெற்றுக்கொண்டதாக யாராவது ஒருவர் பெயரெழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். அதை வாங்காமல் மேசையை விட்டு நகராதே.

உன் அலுவலகத்திலும் ஒரு தலைமைக் கிராணி இருப்பார். அவரும் கத்தமாட்டார், தேநீர் வரவழைப்பார். அப்போது உனக்கு என்ன செய்யத் தோன்றும் என்று எனக்குத் தெரியாது. நான் செய்ததைச் செய்யாதே என்று உத்தரவு போடும் தகுதி எனக்கு இல்லை. உனக்கும் வீடு இருக்கிறது, கடன் இருக்கிறது, மருமகளின் முகத்தைப் பார்த்தால் சீக்கிரம் இன்னொரு செய்தியும் வரும்போல் இருக்கிறது என்று அம்மா சொல்கிறாள். கதையில் நான் சொன்ன அப்பாவை நினைத்துக்கொண்டு எதையும் செய்யாதே, அப்படி ஒருவர் இருந்ததில்லை. வேண்டுமானால் படியில் உன்னை நிறுத்திய மனிதரை நினைத்துக்கொள்.

அவர் இந்தச் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு மரத்தடியில் நிற்பதாகச் சொல்லியிருக்கிறார். மார்சிலிங்கிலிருந்து அவ்வளவு தூரம் வருகிறார், நீ தாமதிக்காதே. நான் கூட வரவில்லை. நாடாவின் முனையை நீயே பிடி.

டின்னை இப்போது பிரிக்கலாம். நிலாக்கல் மேலேயே இருக்கும். பார்த்துவிட்டு மூடி வை. பிறகு போய்க் கையைக் கழுவு. சோப்பு போட்டுக் கழுவு.

அப்பா